அம்பின் மூக்கு

சொட்டு விழுந்தது. சூசைதாசன் அது விழவில்லை என்று வைத்துக்கொண்டு அடுத்த கிழங்கை எடுத்தார். அவித்த உருளைக்கிழங்கு, கைக்குள் இளஞ்சூடாக இருந்தது, தோல் தானாகக் கழன்று வந்தது. பதினெட்டுக் கிலோவையும் உரித்து, துருவி, மத்தியானம் ஹொட்டேலுக்கு வருகிற பனிச்சறுக்குக்காரருக்குத் தட்டையாக வாட்டிக் கொடுக்க வேண்டும். மணி எட்டரை, சனிக்கிழமை, மாசி மாதம், வெளியில் இன்னும் வெயில் மலைக்கு மேலே வரவில்லை. இந்த நேரத்தில் கூரை விளிம்பில் ஐஸ் கல்லுமாதிரி இறுகி நிற்க வேணும், சொட்டுவதென்ன கதை? சமையலறைச் சூடு, வேறென்ன. நாலு அடுப்பும் எரிகிறது, புகைபோக்கி கூரையால் தான் போகிறது, மேலேயிருக்கிற பனி உருகாமல் என்ன செய்யும்? சரி, அது முடிந்தது. பிள்ளை இப்ப எந்த இடத்தில் ஏறிக்கொண்டிருப்பாள்? ஆறரைக்கு வாகனத்தை விட்டு இறங்கியிருந்தால், அடியில் தோல் ஒட்டின சறுக்குக் கட்டைகளோடு இரண்டரை மணித்தியாலம், ஒன்பதுக்குக் கணவாய். அங்கே குடிலில் ஒரு தேத்தண்ணி. பிறகு இறக்கம், வடக்காலே. வடக்காலே என்று சொன்னவர் இவர் தான். விடியக்காலமை ஐந்தேகாலுக்கு அனிற்றா போன் எடுத்தாள், கூட்டாளி மெலனியின் காருக்குள் இருந்து. "அப்பா, ஸ்டேஷன் பாத்தீங்களே?" "பாத்தன் பிள்ளை. வாடை. ராத்திரி முழுக்க அடிச்சிருக்கு, அம்பது கிலோமீற்றர் வேகம்." "அப்ப பனி எந்தப் பக்கம் குவிஞ்சிருக்கும்?" "வடக்கையிருந்து அடிச்சா தெற்குப் பக்கம் தானே கொண்டுபோய்க் கொட்டும். நீங்கள் வடக்காலை இறங்குங்கோ." "வடிவாத் தெரியுமோ?" "எடி, காத்தைப் பற்றி எனக்கே படிப்பிக்கிறியோ?" அவள் சிரித்தாள். காருக்குள் மெலனியும், இன்னொரு பெடியனும் சிரித்தார்கள். மூன்று பேர். அந்தச் சிரிப்புக் கேட்டு இவருக்கு நெஞ்சு நிறைந்துபோய், பஸ்ஸில் வரும்போது பக்கத்திலிருந்த போர்த்துக்கல்காரனைப் பார்த்துத் தலையாட்டிக்கூட விட்டார்.

இந்த விஷயத்தைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேணும், இல்லாவிட்டால் ஒரு மனுசன் கிழங்கு உரித்துக்கொண்டு ஏன் வியர்க்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. மலைக் கணவாயில் ஒரு கம்பம் நிற்கும், ஆளில்லாத காலநிலை ஸ்டேஷன். பத்து நிமிசத்துக்கு ஒருக்கால் பனி எத்தனை சென்ரிமீற்றர், குளிர் எத்தனை பாகை, காற்று எந்தப் பக்கம், என்ன வேகம் என்று போனுக்கு அனுப்பும். அரசாங்கத்து அறிக்கை ஒன்றும் வரும், ஆனால் அது பொதுவாகச் சொல்லும், காற்று குவித்த பனியில் கவனம் என்று. எங்கே குவித்தது என்பதை நீ தான் பார்க்க வேணும். காற்று ஒரு பக்கத்துப் பனியைச் சுரண்டி, மலைமுதுகைத் தாண்டி, மற்றப் பக்கத்தில் பலகை மாதிரி அடுக்கி வைக்கும். மேலே பார்க்க நல்ல வடிவு, பஞ்சு. ஒரு ஆள் கால் வைத்தால் அந்தப் பலகை முழுசாகக் கழன்று ஆளோடு போகும். அனிற்றா தான் இதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள், போன வருசம், சாப்பாட்டு மேசையில் இடியப்பத்துக்கு மேல் சொதியை ஊற்றிக் காட்டி. அப்போதே அவர் போனை வாங்கிப் பார்த்து, "இதென்ன பெரிய வித்தை, நாங்கள் கடற்கரையில செய்யாததே" என்று சொல்லிவிட்டார். வாய்! அந்த வாயைத் தைத்திருக்க வேணும். கடற்கரை உண்மை. பிறந்த குருநகர் உண்மை. ஆனால் சூசைதாசன் வாழ்க்கையில் ஒருநாள் வள்ளத்தில் தொழிலுக்குப் போனதில்லை. ஏறினால் தலைசுற்று, சத்தி. ஐஸ் பக்டரியில் கட்டி உடைத்தவர், பத்தொன்பது வயது வரைக்கும், இரும்பு ஊசியும் மரச் சுத்தியலும் கையுமாக. பள்ளிக்கூடத்தில் அனிற்றா ஐந்தாம் வகுப்பில் எழுதினாள், என் அப்பா ஊரில் கடற்றொழிலாளி என்று, கீழே ஒரு வள்ளமும் கீறினாள். திருத்தியிருக்கலாம். வள்ளம் வடிவாக இருந்தது, விட்டுவிட்டார். அதற்குப் பிறகு வள்ளத்துக்கு மேலே சுறா ஏறியது, புயல் ஏறியது, வெள்ளி பார்த்துத் திசை பிடித்த கதை ஏறியது. யாரைக் குற்றம் சொல்கிறது? ஒன்பது வயதிலிருந்து அந்தப் பிள்ளை தான் இவருக்கு எல்லாம் வாசித்துச் சொன்னவள். டொக்டரிடம் போனால் அவள், கந்தோருக்குப் போனால் அவள், இவருடைய மூலநோயைப் பற்றி ஒரு வெள்ளைக்கார டொக்டருக்கு அந்தச் சின்னப் பிள்ளை மொழிபெயர்த்தாள், காது சிவக்கச் சிவக்க. ஐயோ, அந்தக் காது. வீட்டுக்கு வருகிற கடிதத்தை உடைக்காமல் மேசையில் வைத்துவிட்டு அவள் வரும்வரைக்கும் பார்த்திருந்த தகப்பன் இவர். உலகத்தில் ஒன்றே ஒன்றைத் தான் அவள் வாசிக்காமல் இவர் வாசித்து அவளுக்குச் சொல்கிறார். அது காற்று. சனிக்கிழமை விடியவில் ஐந்து நிமிசம் அவர் முழு அப்பாவாக இருந்தார்.

சொட்டு. இந்த முறை இரண்டு, அடுத்தடுத்து. சூசைதாசன் யன்னலைப் பார்க்காமல் கிழங்கைப் பார்த்தார். கிழங்கில் ஒரு கறுப்புக் கண், அதைத் தோண்டினார், அது உள்ளே போய்க்கொண்டேயிருந்தது. வாடை என்றால் குளிர். வாடை அடிக்கிற நாளில் இந்த ஊரில் கதவுப் பிடியைத் தொட்டால் தோல் ஒட்டும். காலமை பஸ்ஸுக்கு நிற்கும்போது கையுறை போட்டாரா? போட்டார். இல்லை, பையுக்குள் வைத்திருந்தார். ஏன் வைத்திருந்தார்? குளிரவில்லை. குளிராமல் இருந்ததற்கு ஆயிரம் காரணம் இருக்கும், வேகமாக நடந்தார், உள்ளுக்கு இரண்டு பெனியன். ஸ்டேஷனில் பாகை என்ன போட்டிருந்தது? அதைப் பார்த்தாரா? காற்றை மட்டும் பார்த்தார், காற்று தானே இவருடைய டிப்பார்ட்மென்ட். போனைப் பார்க்கலாம். கை முழுக்க மாப்பசை. கழுவிவிட்டுப் பார்க்கலாம். கழுவினால் பார்க்க வேணும். இன்னும் ஒரு கிழங்கு முடியட்டும். அந்த நேரம் பார்த்து விறேனி உள்ளே வந்தாள், காலைச் சாப்பாட்டு மேசைகளைப் பார்க்கிறவள், அறுபது வயது, இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து இந்தப் பள்ளத்தாக்கிலேயே கலியாணம் கட்டிப் பிரிந்தவள். தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குளிர்பெட்டிக் கதவில் நெற்றியைச் சாய்த்தாள். "சூசை, ஒரு கிளாஸ் தண்ணி தா, குளிசை போடவேணும். தலை வெடிக்குது." "என்ன, ராத்திரி கூடக் குடிச்சனீயோ?" "குடிக்கிறதோ? உனக்குத் தெரியேல்லையா, ஃபோன் அடிக்குது." இவர் தண்ணீரை நிரப்பினார். நிரம்பி வழிந்து கையில் ஓடியது. ஃபோன். இந்த நாட்டுக்கு வந்த முதல் மாரியில் யாரோ ஒருவன் "ஃபோன் வருது, ஃபோன் வருது" என்று கத்த, ஊரிலிருந்து தான் எடுக்கிறார்கள் என்று இவர் கை துடைக்காமல் வரவேற்பறை ரெலிபோனுக்கு ஓடிப்போய், அது மணியடிக்காமல் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றவர். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரெலிபோன் இல்லை, இந்த ஊரில் ஃபோன் என்றால் ஒரு காற்று. தெற்கேயிருந்து மலையைத் தாண்டி இறங்குகிற சூட்டுக்காற்று. அது வந்தால் பனி உருகும், மாடு மிரளும், விறேனிக்குத் தலையிடிக்கும். தெற்கேயிருந்து. சோளகம். "எப்பத்தொட்டு?" என்று கேட்டார். "நேற்றுப் பின்னேரம் தொட்டு. இரவிரவா. எனக்கென்ன ஸ்டேஷனே வேணும், என்ர மண்டை காணும்" என்று சொல்லிவிட்டு அவள் குளிசையை விழுங்கினாள்.

இல்லை, கீழே தான் ஃபோன், மேலே வாடையாக இருக்கும். இருக்குமோ? ஒரு வீட்டில் கீழே ஒரு காற்று மாடியில் ஒரு காற்றா? கையைக் காற்சட்டையில் துடைத்தார், போனை எடுத்தார், விரல் ஈரத்துக்குப் போன் அவரை அடையாளம் காணவில்லை, நாலு இலக்கத்தை அழுத்தினார், பிழை, திரும்ப அழுத்தினார். கணவாய் ஸ்டேஷன். பாகை: கழித்தல் ஒன்று. கழித்தல் பன்னிரண்டு நிற்க வேண்டிய இடத்தில் கழித்தல் ஒன்று. அதற்குக் கீழே காற்று. வரிசையாக அம்புகள், ராத்திரியிலிருந்து இதுவரைக்கும், எல்லாம் ஒரே பக்கம், மூக்கு மேலே. மேலே வடக்கு. மூக்கு வடக்கைப் பார்க்கிறது, ஆகவே வாடை. இதில் என்ன பிழை? போன வருசம் அம்பு இருக்கவில்லை, எழுத்து இருந்தது. இங்கிலிஷ் 'என்' என்றால் வடக்கு, 'எஸ்' என்றால் தெற்கு, எங்கேயிருந்து வருகிறதோ அந்த எழுத்து. போன செவ்வாய்க்கிழமை தான் போன் தன்பாட்டில் புதுசாகி, எழுத்தெல்லாம் போய் அம்பு வந்தது. அம்பு இன்னும் சுகம் என்று நினைத்தார். ஏனென்றால் கோயில் சேவல். குருநகர்க் கோயில் கோபுரத்து உச்சியில் தகரச் சேவல் ஒன்று நின்றது, காற்று எங்கேயிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் மூக்கை நீட்டும். வாடை அடித்தால் வடக்கைப் பார்க்கும், சோளகம் அடித்தால் தெற்கை. ஐஸ் பக்டரி வாசலில் நின்றாலே தெரியும், கடலுக்குப் போகத் தேவையில்லை, ஒரு பெரிய மண்ணாங்கட்டியும் தேவையில்லை. அவருக்குத் தெரிந்த காற்று சாத்திரம் முழுக்க அந்தச் சேவலின் மூக்கு மட்டும் தான். ஆனால் அம்பு சேவலில்லை. அம்பை எய்தால் மூக்கு போகிற பக்கம் தான் அம்பு போகும். மூக்கு வடக்கே என்றால் காற்று வடக்கே போகிறது. வடக்கே போகிறது. தெற்கேயிருந்து வருகிறது. இரவு முழுக்கத் தெற்குப் பக்கத்துப் பனியைச் சுரண்டி வடக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறது, பலகை பலகையாக, இவர் பிள்ளையை இறங்கச் சொன்ன பக்கத்தில். சூசைதாசன் கிழங்குச் சட்டியைப் பிடித்துக்கொண்டார். விறேனி எப்போது வெளியில் போனாள் என்று தெரியவில்லை.

அனிற்றாவுக்கு எடுத்தார். ஒரு பெண் குரல், நீங்கள் அழைக்கிற இலக்கம். தெரியும், அவள் போனை நிற்பாட்டித் தான் ஏறுவாள். நெஞ்சில் கட்டுகிற அந்தத் தேடுபெட்டிக்குப் போன் இடைஞ்சல் என்று அவளே சொன்னவள், பனிக்குள் தாழ்ந்தால் மற்றவர்கள் அந்தப் பெட்டிச் சத்தத்தை வைத்துத் தான் தோண்டுவார்கள் என்று, இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டு, ஏதோ பஸ் வருகிற நேரம் சொல்கிற மாதிரி. திரும்ப எடுத்தார். திரும்பவும் அந்தப் பெண். மெலனியின் இலக்கம் இல்லை. பெடியனின் பெயரே தெரியாது. குரல் செய்தி அனுப்பினார், வாயைப் போனுக்குக் கிட்ட வைத்து: "பிள்ளை, வடக்காலை இறங்காதை. இறங்காதை. அப்பா காத்தை மாறிப் பாத்திட்டன். சோளகம் பிள்ளை. நான் பிழை." ஒற்றைச் சரிக்குறி விழுந்தது. இரண்டாவது விழவில்லை, அவள் போனுக்குப் போய்ச் சேரவில்லை. மணி ஒன்பது ஐந்து. கணவாய்க் குடில்! அதற்கு இலக்கம் இருக்கும். தேடினார், இருந்தது, ஏழுதரம் மணியடித்தது, ஒரு கனத்த குரல் எடுத்தது. முப்பத்திரண்டு வருசத்து ஜேர்மன் மொழி முழுக்க அந்த நேரம் பார்த்து எங்கேயோ ஒளித்துக்கொண்டது. "என்ர மகள். மூண்டு பேர். சிவப்புத் தொப்பி." "ஓம், இஞ்ச நிண்டவை. கால் மணித்தியாலம் இருக்கும், போட்டினம்." "எந்தப் பக்கம்?" "வடக்கு. நான் சொன்னனான், இண்டைக்கு அங்காலை வேண்டாம், தெற்காலை போங்கோ எண்டு. அந்தப் பிள்ளை கேக்கேல்லை. தங்களிட்டைத் தகவல் இருக்காம்." தகவல். கேட்டீர்களா, தகவலாம். குடில்காரர் கேட்டார், "ஏன், என்ன நடந்தது?" சூசைதாசன் வாயைத் திறந்தார். நான் தான் அந்தத் தகவல் என்று சொல்ல வேண்டிய இடம் அது. அவர் சொன்னார், "போனில, அந்தக் காத்துப் படம், பிழையாக் காட்டுது." காட்டுகிறதாம்! பாவம் அந்த அம்பு, அது தன்பாட்டில் சரியாகத் தான் காட்டிக்கொண்டிருந்தது. "இஞ்சயிருந்து அந்தச் சரிவு தெரியாது" என்றார் குடில்காரர். "நான் போய் எட்டிப் பாக்கிறன், இருபது நிமிசம் எடுக்கும். ஏதும் எண்டால் மீட்பு ஹெலிகொப்டருக்கு அடிக்கிறன்." வைத்துவிட்டார்.

இருபது நிமிசம். கிழங்கு உரிக்கலாம். உரித்தார். ஒன்று. கால் மணித்தியாலத்துக்கு முதல் போனார்கள் என்றால் இப்போது நடுச்சரிவு, ஒவ்வொருவராக இறங்குவார்கள், ஒருவர் இறங்க மற்றவர் பார்த்து நிற்பார், முதலாவது யார்? அவள் தான். அவளுக்கு எல்லாத்திலும் முந்த வேணும், பள்ளிக்கூட ஓட்டத்தில் முழங்கால் தேய விழுந்து எழும்பி ஓடினவள். இரண்டு. தோலை உரிக்கும்போது முழுசாகக் கழன்று விழுந்தது, ஒரு பக்கத்துத் தோல் அப்படியே, கையிலிருந்து, சட்டிக்குள். பார்க்காதே. மூன்று. பனிக்குள் மூச்சு கால் மணித்தியாலம் காணும் என்று சொன்னாளா, பத்து நிமிசம் என்றாளா? அம்மா தாயே, ஆரோக்கிய மாதாவே, நான் இனி ஒரு பொய் சொல்ல மாட்டேன், வள்ளம் இல்லை, சுறா இல்லை, எல்லாத்தையும் சொல்லிப்போடுகிறேன், அவள் முகத்துக்கு நேரே சொல்கிறேன், ஐஸ் உடைச்சனான் பிள்ளை, எனக்குக் கடலென்றால் சத்தி என்று சொல்கிறேன். போன் அடித்தது. கிழங்கு உருண்டு அடுப்புக்குக் கீழே போனது. மனைவி ஜெயசீலி. "இஞ்சாருங்கோ, வரேக்க தமிழ்க் கடையில ரெண்டு கட்டு முருங்கையிலை எடுத்துக்கொண்டு வாங்கோ. பிள்ளை எடுத்தவளே?" "ஓம்." "என்னவாம்?" "சுகமாம்." "ஏன் குரல் ஒருமாதிரிக் கிடக்கு?" "கிழங்கு ஆவி." இப்போது தான் மாதாவுக்குச் சத்தியம் பண்ணினார், மூன்று நிமிசமும் ஆகவில்லை. வைத்தார். ஒற்றைச் சரிக்குறி அப்படியே நின்றது. ஒன்பது இருபத்திரண்டு. யாரோ உள்ளே வந்து வெண்ணெய் எடுத்துப் போனார்கள். மலைப்பக்கமிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார், பாத்திரம் கழுவுகிற இயந்திரம் தான் இரைந்தது. அதை நிற்பாட்டினார். நிற்பாட்டினதும் கூரைச் சொட்டு தான் கேட்டது, இப்போது எண்ண முடியாத வேகம். எதற்கு நிற்பாட்டினாய் என்று தன்னையே ஏசிக்கொண்டு திரும்ப இயந்திரத்தைப் போட்டார். ஹெலி வந்தால் இந்தப் பக்கத்தால் தான் வரும், ஆற்றுக்கு மேலால். வரவில்லை. வராதது நல்லதா, இன்னும் ஆருக்கும் தெரியாது என்பதா? மறக்காமல் முருங்கையிலை வாங்க வேணும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னைக் கொல்ல வேணும் போலிருந்தது.

ஒன்பது முப்பத்தெட்டுக்குத் தெரியாத இலக்கம் ஒன்று வந்தது. குடில்காரராக இருக்கும். நாலாவது மணிக்கு எடுத்தார். "அப்பா!" அனிற்றா. மூச்சு வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு. "அப்பா, கேக்குதே? கீழை வந்திட்டம்! இது மெலனிட போன், என்ரை போன் நிப்பாட்டினபடி பையுக்கு அடியில கிடக்கு. அப்பா, அந்தப் பனி! முழங்கால் மட்டும், ஒரு ஆளும் மிதிக்காத பனி. மற்ற ஆக்களெல்லாம் தெற்காலை போய்க் கல்லில உரஞ்சியிருப்பினம். குடிலில ஒரு மனுசன் எங்களை மறிச்சவர், தெரியுமே? நான் சொன்னன், எங்கட அப்பா பாத்துச் சொன்னவர், அவர் கடலில நிண்ட ஆள், அவருக்குப் பிழைக்காது எண்டு." சூசைதாசன் சுவரோடு சாய்ந்து, அப்படியே வழுகி, ஈரத் தரையில் இருந்துவிட்டார். அழுகை வந்தது, சத்தம் வராமல் வந்தது. மாதாவே. மாதாவே. "அப்பா?" "ஓம் பிள்ளை. சொல்லு." "நடுவில ஒருக்கா, காலுக்குக் கீழை 'வூம்' எண்டு ஒரு சத்தம். முழுச் சரிவும் ஒருக்கா கீழை அமந்து இருந்தமாதிரி. நீட்டுக்கு ஒரு வெடிப்பும் விட்டது. மெலனி அழத்தொடங்கிட்டாள். இவன் றொபின் திரும்பி ஏறுவம் எண்டான். நான் சொன்னன், ஒண்டும் நடக்காது, அப்பா பாத்தது, பேசாமல் வாங்கோ எண்டு. இப்ப பாருங்கோ, மூண்டு பேரும் முழுசா நிக்கிறம்!" பின்னாலிருந்து அந்த மெலனி ஏதோ கத்தினாள், அனிற்றா அதையும் மொழிபெயர்த்தாள், பழக்கதோசம். "உங்களுக்கு முத்தமாம். அடுத்த ஞாயிறு பெரிய மலைக்குப் போறம், அப்பா. றொபின்ரை அண்ணாவும் அவற்றை மனுசியும் வருகினம், அஞ்சு பேர். ஸ்டேஷனை நீங்கள் தான் பாக்கோணுமாம், வேறை ஆற்றை சொல்லும் வேண்டாமாம். பாப்பீங்கள் தானே?"

இப்போது சொல்லலாம். இரண்டு சொல் போதும். பிள்ளை, பிழைச்சுப்போச்சு. குளிரில் நிற்கிறாள், சந்தோசமாக நிற்கிறாள், கூட்டாளிகள் பக்கத்தில் நிற்கிறார்கள், அவர்களுக்கு முன்னால் வைத்தா? பின்னேரம் வீட்டில் சொல்லலாம், சாப்பிட்ட பிறகு, ஜெயசீலி அங்காலே போன நேரம். எப்படித் தொடங்குகிறது? அம்பு மாறிப்போச்சு என்று தொடங்கலாம். அம்பை மட்டும் சொன்னால் காணாதா? வள்ளத்தை ஏன் இழுக்கிறது? அடுத்த முறை சரியாகப் பார்த்தால் சரி தானே, இப்போது தான் மூக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டதே. ஒருக்கால் பிழைத்த மனுசன் திரும்பப் பிழைக்க மாட்டான். "அப்பா, லைனில நிக்கிறீங்களே?" "நிக்கிறன் பிள்ளை" என்றார் சூசைதாசன். "பாத்துச் சொல்லுறன்." அவள் முத்தம் ஒன்றைச் சத்தமாகத் தந்துவிட்டு வைத்தாள். அவர் தரையிலிருந்தபடியே மகளின் பெயரைத் திறந்தார். குரல் செய்தி அங்கே நின்றது, பதினொரு செக்கன், ஒற்றைச் சரிக்குறியோடு. அதற்கு மேல் பெருவிரலை அமத்திப் பிடித்தார். எல்லாருக்கும் அழிக்கவா என்று போன் கேட்டது. ஏதோ அழித்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், கேட்பாள், கிழங்குக் கை பட்டு ஏதோ போயிற்று என்று சொன்னால் நம்புவாள், அவள் இவர் சொல்வதையெல்லாம் நம்புவாள். ஓம் என்று அழுத்தினார்.